இன்னொரு அதிர்வெண்ணில் பார்த்தாயா?

(தம் இயற்பியல் ஆசிரியரின் நினைவாக முன்னாள் மாணவர்கள் நிறுவிய அறக்கட்டளையின் சொற்பொழிவு, எழுத்து வடிவம்)

  

இந்தக் கல்லூரிக் கட்டடத்தின் கீழ்த்தளத்து ஆய்வகத்தில், ஜன்னலோர மேசையில், ஓம் விதிச் சோதனையை நான் செய்த நாள் இன்னும் நினைவிருக்கிறது. எனக்கு வந்த அளவுகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் உட்கார்ந்திருந்தன. பெருமையோடு நோட்டை நீட்டினேன். எங்கள் இயற்பியல் சார் வரைபடத்தைப் பார்க்கவில்லை, மேசைமேல் இருந்த அம்மீட்டரைப் பார்த்தார். "இன்னொரு மீட்டர் வச்சுப் பாத்தியாப்பா?" என்று கேட்டார். மாற்றிப் பார்த்தேன். ஒவ்வொரு அளவும் குறைவாக வந்தது. மூன்றாவது மீட்டரும் இரண்டாவதன் பக்கமே பேசியது. முதல் மீட்டர் எல்லா அளவையும் ஒரே விகிதத்தில் கூட்டிக் காட்டியிருக்கிறது. கோடு அவ்வளவு நேராக வந்ததால்தான் பிழை என் கண்ணில் படவில்லை.

அந்தக் கேள்வியைத்தான் முப்பது ஆண்டுகளாக என் வேலையிடத்தில் வேறொரு வடிவத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நம் பால்வழிக்கு வெளியே, வெகுதொலைவில் இருந்து வரும் மங்கலான ரேடியோ மூலங்களைத் தேடிப் பட்டியலிடுவது என் தொழில். வானத்தில் ஒரு புள்ளியைக் கண்டதும் பக்கத்தில் இருப்பவர் கேட்பார்: இன்னொரு அதிர்வெண்ணில் பார்த்தாயா? ஒரே அதிர்வெண்ணில் மட்டும் தெரியும் புள்ளிக்கு இடம் உண்டு, பிரகாசம் உண்டு. அது என்ன என்று சொல்ல முடியாது. சில நேரம், அது இருக்கிறதா என்றே சொல்ல முடியாது.

முதலில் அந்த வானத்தைக் கொஞ்சம் பழகிக்கொள்வோம். நம் கண் ரேடியோ அலைகளைப் பார்க்கும் கண்ணாக இருந்தால், இரவில் ரோகிணியும் சித்திரையும் கேட்டையும் காணாமல் போய்விடும். சாதாரண விண்மீன்கள் ரேடியோ அலைகளில் அவ்வளவு மங்கல். பால்வழியின் பட்டை மட்டும் பெரும் புகை போலத் தெரியும். அந்தப் பட்டையை விட்டு விலகிப் பார்த்தால் வானமெங்கும் புள்ளிகள். அவை விண்மீன்களைப் போலத் தோன்றினாலும் அவற்றில் பெரும்பாலானவை கேலக்ஸிகள், கோடிக்கணக்கான விண்மீன்கள் கொண்ட திரள்கள். அவற்றின் பிரகாசத்தை அளக்கும் அலகுக்கு ஜான்ஸ்கி என்று பெயர். 1930களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில், தொலைபேசி இணைப்பில் கேட்ட இரைச்சலுக்குக் காரணம் தேடிப் போய்ப் பால்வழியின் ரேடியோ அலைகளைக் கண்டுபிடித்த கார்ல் ஜான்ஸ்கியின் பெயர் அது. ஒரு சதுர மீட்டரில், ஒரு ஹெர்ட்ஸ் அகலத்தில், தசமப் புள்ளிக்குப் பின் 25 சுழியம் வைத்து 1 எழுதினால் வரும் அளவு வாட், அதுதான் ஒரு ஜான்ஸ்கி. நாங்கள் இன்று தேடுவது அதிலும் பத்து லட்சத்தில் ஒரு பங்கான மைக்ரோஜான்ஸ்கிகளை.

ஜான்ஸ்கியின் செய்தியைக் கேட்டுத் தூக்கம் இழந்தவர் குரோட் ரீபர். அமெரிக்காவில் இலினாய் மாநிலத்தின் வீட்டன் ஊரில், 1937இல், தன் வீட்டுத் தோட்டத்தில் தன் பணத்தில் ஏறத்தாழ ஒன்பதரை மீட்டர் குறுக்களவுள்ள கிண்ணத்தைக் கட்டினார். பகலில் ரேடியோ நிறுவன வேலை, இரவில் வானம். பகலில் பார்த்தால் தெருவில் போகும் கார்களின் எஞ்சின் பொறிகள் கருவிக்குள் இரைந்தன. அவர் முதலில் தேர்ந்தது 3300 மெகாஹெர்ட்ஸ். காரணமில்லாமல் தேரவில்லை. சூடான பொருள் ரேடியோ அலையை உமிழ்ந்தால் அதிர்வெண் கூடக்கூடப் பிரகாசமும் கூட வேண்டும் என்பது அன்று எல்லோரும் அறிந்த இயற்பியல். ஒன்றும் கேட்கவில்லை. கருவியை மாற்றி 900 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வந்தார். அப்போதும் ஒன்றும் இல்லை. மூன்றாவதாக 160 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கினார். பால்வழி பேசியது.

இந்த மூன்று முயற்சிகளையும் நான் ஒரே அளவீடாகவே படிக்கிறேன். மேலே இரண்டு அதிர்வெண்களில் கேட்காதது கீழே ஒன்றில் கேட்டது என்பதே ஒரு பெரிய முடிவு. அந்த அலைகள் வெப்பத்தில் பிறந்தவை அல்ல என்பது அதற்குப் பொருள். பின்னாளில் விளக்கம் கிடைத்தது. ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடும் எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் சுழன்று சுழன்று செல்லும்போது உமிழும் கதிர்வீச்சு அது. சின்க்ரோட்ரான் கதிர்வீச்சு என்கிறோம். அதன் இயல்பே தாழ்ந்த அதிர்வெண்ணில் பிரகாசமாகவும் உயர்ந்த அதிர்வெண்ணில் மங்கலாகவும் இருப்பது. ஒரு ரேடியோ மூலத்தின் பிரகாசம் அதிர்வெண் ஏற ஏற எவ்வளவு சரிகிறது என்பதை ஓர் எண்ணால் குறிப்போம். பெரும்பாலான கேலக்ஸிகளுக்கு அது 0.7, 0.8 பக்கம் நிற்கும். இன்றைய உரையில் அதைச் சரிவு என்றே சொல்கிறேன். இந்த ஓர் எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

குன்னூருக்கு மேலே ஒரு வளைவில் நின்று இரவில் மேட்டுப்பாளையத்துச் சமவெளியைப் பார்த்திருக்கிறீர்களா? பனி இல்லாத நாளில் ஒவ்வொரு விளக்கும் தனியாகத் தெரியும். லேசாகப் பனி விழுந்தால் நாலைந்து தெருவிளக்குகள் சேர்ந்து ஒரு பெரிய விளக்காகத் தோன்றும். அந்தப் பெரிய விளக்கு எங்கும் இல்லை. 1955இல் கேம்பிரிட்ஜில் மார்ட்டின் ரைல் குழு வெளியிட்ட இரண்டாவது பட்டியலுக்கு நேர்ந்தது இதுதான். 81.5 மெகாஹெர்ட்ஸில் எடுத்த அந்தப் பட்டியலில் 1,936 மூலங்கள். மங்கல் மூலங்கள் எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக இருந்தன. முற்காலத்தில் ரேடியோ கேலக்ஸிகள் கூடுதலாக இருந்திருக்க வேண்டும், ஆகவே பிரபஞ்சம் காலத்தோடு மாறிவருகிறது, ஃபிரெட் ஹாயில் சொல்லும் மாறாநிலைப் பிரபஞ்சம் பொருந்தாது என்று ரைல் வாதிட்டார். அதே வானத்தின் ஒரு பகுதியை ஆஸ்திரேலியாவின் சிட்னியிலிருந்து பெர்னார்ட் மில்ஸும் புரூஸ் ஸ்லீயும் சிலுவை வடிவத் தொலைநோக்கியால் பார்த்தார்கள். இரண்டு பட்டியல்களையும் அருகருகே வைத்தபோது பொருந்திய மூலங்கள் மிகச் சில. கேம்பிரிட்ஜ் கருவியின் பார்வை கூர்மை போதாமல், பல மங்கல் மூலங்கள் கலந்து ஒன்றாகத் தெரிந்திருக்கின்றன.

கேம்பிரிட்ஜ் குழு செய்தது என்ன? அதிர்வெண்ணை 159 மெகாஹெர்ட்ஸுக்கு உயர்த்தியது. அலைநீளம் பாதியானால் அதே கருவியின் கூர்மை இரட்டிப்பாகும். 1959இல் வந்த மூன்றாவது பட்டியல் 471 மூலங்களோடு நின்றது. பிறகு 178 மெகாஹெர்ட்ஸில் திருத்திய 1962ஆம் ஆண்டுப் பட்டியலை உலகம் இன்றும் பயன்படுத்துகிறது. முதலில் வந்த எண்கள் பெரும்பகுதி பிழை, ஆனால் பிரபஞ்சம் மாறிவருகிறது என்ற முடிவு கடைசியில் சரியாகவே நின்றது. இந்தக் கதையை ரைலின் தோல்வியாகச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பூமியின் மறுபக்கத்தில் இன்னொருவர் இன்னொரு கருவியோடு பார்த்ததால் ஒரு துறையே நிமிர்ந்தது. அது மில்ஸும் ஸ்லீயும் ரைலுக்குச் செய்த உதவி.

இனி நம் உதகை மலைக்கு வருவோம்; அங்கே போகும் வழி ஆஸ்திரேலியாவில் தொடங்குகிறது. இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

1962இல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் சிரில் ஹசார்டும் அவர் கூட்டாளிகளும் ஒரு வேலை செய்தார்கள். கேம்பிரிட்ஜின் அந்த மூன்றாவது பட்டியலில் உள்ள 3சி 273 என்ற மூலத்தின் முன்னால் நிலவு கடந்து செல்வதைக் காத்திருந்து, ரேடியோ அலை எந்த நொடியில் அணைகிறது, எந்த நொடியில் திரும்புகிறது என்று குறித்தார்கள். நிலவின் விளிம்பு எந்த நொடியில் எங்கே இருக்கும் என்பது துல்லியமாகத் தெரியும். ஆகவே மூலம் எங்கே இருக்கிறது என்பதும் தெரிந்துவிட்டது. அந்த இடத்தில் இருந்த விண்மீன் போன்ற பொருளின் நிறமாலையை 1963இல் மார்ட்டன் ஷ்மிட் படித்தபோது அது விண்மீன் அல்ல, குவேசார் எனப்படும் மிகப் பிரகாசமான கேலக்ஸி மையம், இருநூறு கோடி ஒளியாண்டு தொலைவில் இருப்பது என்று விளங்கியது. அந்த ஆய்வைப் படித்த ரேடியோ வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப், ஹோமி பாபாவின் அழைப்பில் அப்போதுதான் இந்தியா திரும்பியிருந்தார். நிலவு ஒரு மூலத்தை மறைப்பதைப் பயன்படுத்த முடியுமானால் ஆயிரம் மூலங்களை ஏன் பார்க்கக் கூடாது? அதற்கு நிலவை மணிக்கணக்கில் பின்தொடரும் பெரிய தொலைநோக்கி வேண்டும். வசதி குறைந்த நாடு அதை எப்படிக் கட்டுவது?

விடை ஒரு மலைச்சரிவாக இருந்தது. உதகைக்கு அருகே முத்தோரையில், வடக்கு தெற்காக ஏறத்தாழ 11 பாகை சாய்ந்த ஒரு சரிவு. உதகையின் அட்சரேகையும் 11 பாகைதான். அந்தச் சரிவில் நீளமான ஒன்றைப் படுக்க வைத்தால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடும். பிறகு அதை ஒரே அச்சில், கதவைத் திருப்புவதுபோலத் திருப்பினால் போதும், பூமி சுழலச் சுழல அது வானத்தைப் பின்தொடரும். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 24 பரவளையச் சட்டங்கள், அவற்றின்மேல் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய 1,100 மெல்லிய துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள். கூரைத் தகடு கிடையாது. காற்று உள்ளே புகுந்து வெளியே போகும். ரேடியோ அலைக்கு அந்தக் கம்பி வரிசையே கண்ணாடி. 1970இல் அது வேலை செய்யத் தொடங்கியது. உள்நாட்டிலேயே வடிவமைத்து உள்நாட்டிலேயே கட்டியது.

அதன் அடியில் நான் முதன்முதலாக நின்றபோது பார்த்தது அந்தக் கம்பிகளைத்தான். மேகம் இறங்கி வந்து, ஒவ்வொரு கம்பியிலும் நீர்த்துளிகள் வரிசை கட்டி நின்றன. அரைக் கிலோமீட்டருக்கு. இதைச் சொல்வதில் அறிவியல் எதுவும் இல்லை; சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

நிலவு மறைப்பு எப்படி வேலை செய்கிறது என்று ஒரு மூலத்தை வைத்துச் சொல்கிறேன். பஞ்சாங்கக்காரர்களின் சொற்களையே எடுத்துக்கொள்வோம்: ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை. நிலவு விண்மீன்களின் பின்னணியில் நொடிக்கு ஏறத்தாழ அரை விகலை நகர்கிறது. மூலம் வெறும் புள்ளியானால் அலை சட்டென்று அணையும். 10 விகலை அகலமுள்ளதானால் இருபது நொடி மெல்ல மெல்ல இறங்கும். அருகருகே இரண்டு பகுதிகள் இருந்தால், காகிதத்தில் மை கோடு படிக்கட்டு போல விழும்: ஒரு இறக்கம், சற்று நேரம் சமதளம், மறுபடி ஓர் இறக்கம். நிலவின் மறுபக்க விளிம்பில் மூலம் வெளிவரும்போது அதே படிக்கட்டு வேறொரு கோணத்தில் கிடைக்கும். இந்த இரண்டையும் சேர்த்து மூலத்தின் வடிவத்தை வரைந்துவிடலாம். 327 மெகாஹெர்ட்ஸில், அதாவது ஏறக்குறைய ஒரு மீட்டர் அலைநீளத்தில், சில விகலை நுட்பத்தை அந்தக் காலத்தில் வேறு வழியில் பெறுவது மிகக் கடினம்.

ஒரு கட்டுப்பாடு உண்டு. நிலவு போகும் வழியில் இருப்பவற்றை மட்டுமே பார்க்க முடியும். நிலவின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரு புள்ளிகளைத்தான் நம் முன்னோர் ராகு, கேது என்று கணக்கிட்டார்கள். அந்தப் புள்ளிகள் 18.6 ஆண்டுகளில் ஒரு சுற்று வருகின்றன. அதற்கேற்ப நிலவின் வழி சற்றே வடக்கும் தெற்குமாக அசைகிறது. ஆண்டுக்கு ஆண்டு புதிய மூலங்கள் வழியில் வந்து விழுகின்றன. இப்படிக் காத்திருந்து காத்திருந்து உதகைக் குழு நூற்றுக்கணக்கான மங்கல் மூலங்களின் வடிவத்தை அளந்தது. அந்தக் குழுவின் விஜய் கபாஹி அவற்றை வலுவான மூலங்களோடு ஒப்பிட்டார். மங்கலாக ஆக, மூலங்கள் வானத்தில் சிறியனவாகவும் ஆகின்றன, ஆனால் மாறாநிலைப் பிரபஞ்சத்தில் எதிர்பார்க்கும் விதத்தில் அல்ல. முற்காலத்து ரேடியோ மூலங்கள் இன்றையவற்றிலிருந்து வேறுபட்டவை. 1975இல் வந்த அந்த முடிவு, ரைல் எண்ணிக்கையால் சொன்னதை உருவ அளவால், வேறு அதிர்வெண்ணில், வேறு முறையில் சொன்னது. சாரின் மூன்றாவது மீட்டர் முத்தோரையில் இருந்தது என்று எனக்குத் தோன்றும்.

பிறகு ஸ்வரூப் இன்னும் பெரிய கனவுக்குப் போனார். புணேயிலிருந்து வடக்கே சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில், நாராயண்காவுக்கு அருகே கோடத் கிராமத்தில், 45 மீட்டர் குறுக்களவுள்ள 30 கிண்ணங்கள். பதினான்கு நடுவில் நெருக்கமாக, பதினாறு மூன்று கைகளாக நீண்டு, கடைசிக் கடைசிக்கு 25 கிலோமீட்டர். ஜி.எம்.ஆர்.டி. என்று அதை அழைக்கிறோம். அங்கேயும் தகடு கிடையாது, கம்பி வலைதான். முத்தோரையின் கம்பிகள் கோடதில் வலையாயின.

ஜி.எம்.ஆர்.டி. 2010 முதல் 2012 வரை 150 மெகாஹெர்ட்ஸில் வானத்தை வரைந்தது. டி.ஜி.எஸ்.எஸ். என்ற அந்த அளவையின் தரவுகளை ஹ்யூப் இன்டெமாவும் குழுவினரும் முழுவதும் மறுபடி பதப்படுத்தி 2017இல் வெளியிட்டார்கள். ஏறத்தாழ 36,900 சதுர பாகை, 6.2 லட்சம் மூலங்கள். மறுபடி பதப்படுத்த வேண்டிவந்ததற்குக் காரணம் நம் தலைக்கு மேலே இருக்கும் அயனி மண்டலம். செம்பு நீரின் அடியில் கிடக்கும் காசு, நீர் அசையும்போது ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். அயனி மண்டலம் அசையும்போது 150 மெகாஹெர்ட்ஸில் வானமே அப்படி ஆடும். ஒவ்வொரு சில நிமிடத்துக்கும், ஒவ்வொரு திசைக்கும் அந்த ஆட்டத்தைக் கணக்கிட்டுக் கழித்தால்தான் புள்ளி புள்ளியாக நிற்கும். இதற்கு முன்பே, 1990களில், அமெரிக்காவின் வி.எல்.ஏ. தொலைநோக்கி 1400 மெகாஹெர்ட்ஸில் வானத்தின் 82 விழுக்காட்டை வரைந்திருந்தது. என்.வி.எஸ்.எஸ். என்ற அந்தப் பட்டியலில் ஏறக்குறைய 18 லட்சம் மூலங்கள்.

இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு ஒரு மூலத்தைப் பார்ப்போம். 150 மெகாஹெர்ட்ஸில் அது 60 மில்லிஜான்ஸ்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். சரிவு வழக்கமான 0.7 ஆனால் 1400 மெகாஹெர்ட்ஸில் 12, 13 மில்லிஜான்ஸ்கி இருக்க வேண்டும். என்.வி.எஸ்.எஸ். படத்தைத் திறக்கிறோம். 3 மில்லிஜான்ஸ்கிதான் இருக்கிறது. சரிவு 1.3ஐத் தாண்டிவிட்டது. இப்படிச் செங்குத்தாகச் சரியும் மூலத்தைக் கண்டால் எங்களால் நாற்காலியில் உட்கார முடியாது. மிகத் தொலைவில் உள்ள ரேடியோ கேலக்ஸிகள் இப்படிச் சரிபவையாக இருக்கும் வாய்ப்பு அதிகம் என்று அனுபவம் சொல்கிறது. 365 மெகாஹெர்ட்ஸில் எடுத்த டெக்சஸ் அளவையையும் என்.வி.எஸ்.எஸ்.ஸையும் ஒப்பிட்டு இப்படிப் பொறுக்கிய ஒரு மூலம், 1999இல், 5.19 என்ற சிவப்புப் பெயர்ச்சியோடு (பிரபஞ்சம் விரிவதால் அலை நீளும் அளவு) வெளிப்பட்டது. பிரபஞ்சத்துக்கு நூறு கோடி வயது கடந்து சிறிது காலமே ஆகியிருந்தபோது கிளம்பிய அலை அது. ரேடியோ கேலக்ஸிகளில் மிகத் தொலைவானது என்ற இடத்தை அது நெடுநாள் வைத்திருந்தது. கோடிக்கணக்கான கேலக்ஸிகளுக்கு நடுவே அதைக் காட்டிக்கொடுத்தது இரண்டு எண்களின் விகிதம்.

ஆனால் செங்குத்துச் சரிவுக்கு இன்னொரு காரணமும் உண்டு: முதுமை. எலக்ட்ரான் எவ்வளவு ஆற்றல் மிக்கதோ அவ்வளவு வேகமாக அதைச் செலவழித்துவிடும். நடுவிலிருக்கும் கருந்துளை புதிய எலக்ட்ரான்களை அனுப்புவதை நிறுத்திவிட்டால், முதலில் உயர்ந்த அதிர்வெண்கள் அணையும், பிறகு நடுத்தரமானவை, கடைசியில் தாழ்ந்த அதிர்வெண்ணில் மட்டும் ஒரு மங்கல் மிஞ்சும். 1400இல் காணாமல் போய் 150இல் மட்டும் தெரிகிற சில மூலங்கள் இப்படி அணைந்துகொண்டிருப்பவை. இளமைக்கும் அடையாளம் உண்டு. இப்போதுதான் பிறந்த, மிகச் சிறிய மூலத்தில் தாழ்ந்த அதிர்வெண் அலைகள் வெளியே வரமுடியாமல் உள்ளேயே உறிஞ்சப்படும். அதனால் பிரகாசம் ஓர் அதிர்வெண் வரை ஏறி, பிறகு சரியும். மேற்கு ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் 72 முதல் 231 மெகாஹெர்ட்ஸ் வரை இருபது துண்டுகளாக வானத்தைப் பார்த்த க்ளீம் அளவை, 2017இல், மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட மூலங்களைத் தந்தது. அவற்றிலிருந்து இப்படி முகடு கொண்ட ஏறத்தாழ 1,500 மூலங்களைப் பிரித்தெடுத்தார்கள். தொலைவா, முதுமையா, இளமையா என்று கேட்க இரண்டு அதிர்வெண் போதாது. மூன்றாவது வேண்டும், நான்காவது வேண்டும்.

இதுவரை சொன்னவை எல்லாம் ஓரளவு வலுவான மூலங்கள். 1400 மெகாஹெர்ட்ஸில் ஒரு மில்லிஜான்ஸ்கிக்குக் கீழே இறங்கினால் வேறு மக்கள் வாழும் ஊருக்குள் நுழைந்தது போலிருக்கும். 1980களில் இதைக் கவனித்தார்கள்: அந்த எல்லைக்குக் கீழே மூலங்களின் எண்ணிக்கை எதிர்பார்த்த அளவு குறையவில்லை. மேலே இருந்தவை பெரும்பாலும் கருந்துளைகள் பீய்ச்சும் தாரைகள். கீழே வந்தவை நம் பால்வழியைப் போன்ற சாதாரண கேலக்ஸிகள், விண்மீன்களைப் பிறப்பித்துக்கொண்டிருப்பவை. பெரிய விண்மீன்கள் விரைவில் வெடித்துச் சாகின்றன. அந்த வெடிப்பு எலக்ட்ரான்களை விரட்டுகிறது. அவை ரேடியோ அலையாகப் பேசுகின்றன. ஆகவே அந்த மங்கல் ஒளிர்வு, அந்தக் கேலக்ஸியில் ஆண்டுக்கு எத்தனை விண்மீன் பிறக்கிறது என்பதற்குக் கணக்கு. கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தூசு மறைத்துவிடும், ரேடியோ அலையைத் தூசு மறைப்பதில்லை. அதனால்தான் இந்த மங்கலுக்காக இவ்வளவு பாடு. வி.எல்.ஏ. வெறும் 2 சதுர பாகையை 384 மணி நேரம் பார்த்தது, 3000 மெகாஹெர்ட்ஸில். கிடைத்தவை 10,830 மூலங்கள். அதே வகை வானத்தை ஜி.எம்.ஆர்.டி. 610 மெகாஹெர்ட்ஸில் ஆழமாகப் பார்த்திருக்கிறது. நெதர்லாந்தை மையமாகக் கொண்ட லோஃபார் தொலைநோக்கி 144 மெகாஹெர்ட்ஸில் வட வானத்தின் 27 விழுக்காட்டில் 44 லட்சம் மூலங்களை 2022இல் தந்தது.

பாதிப் பிரகாசமே உள்ளதைப் பார்க்க நான்கு மடங்கு நேரம் வேண்டும். இது எந்தக் கருவிக்கும் விலக்கில்லாத கணக்கு. அதோடு பல அதிர்வெண் வேலைக்கே உரிய சிரமம் ஒன்று உண்டு. ஜி.எம்.ஆர்.டி.யின் ஒரு கிண்ணம் 150 மெகாஹெர்ட்ஸில் ஒரே நேரத்தில் மூன்று பாகை அகல வானத்தைப் பார்க்கும், முழுநிலவுகள் ஆறு பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் அகலம். அதே கிண்ணம் 1400இல் ஒரு நிலவின் அகலத்தைக்கூடப் பார்ப்பதில்லை. 150இல் ஒரு முறை பார்த்த பரப்பை 1400இல் மூடுவதற்கு ஐம்பது முறைக்கு மேல் திசை மாற்ற வேண்டும். இன்னொன்று, கூர்மையான பார்வை பரந்த மங்கலைத் தொலைத்துவிடும். ஓர் அதிர்வெண்ணில் கூர்மையாகவும் மற்றதில் மொத்தமாகவும் பார்த்துவிட்டுப் பிரகாசங்களை வகுத்தால், கிடைக்கும் சரிவு மூலத்தின் சரிவாக இருக்காது, நம் இரண்டு கருவிகளுக்கு இடையிலான வேறுபாடாக இருக்கும்.

எனக்கே இது நடந்தது. ஆய்வு மாணவனாக இருந்தபோது 610 மெகாஹெர்ட்ஸ் படம் ஒன்றில், மிக வலுவான ஒரு மூலத்திலிருந்து சற்றுத் தள்ளி, அழகான ஒரு புள்ளியைக் கண்டேன். 1400இல் அது இல்லவே இல்லை. சரிவு 3ஐத் தாண்டியது. மூன்று வாரம் அதோடு வாழ்ந்தேன். அணைந்துகொண்டிருக்கும் கேலக்ஸி என்று ஒரு வரைவுகூட எழுதிவிட்டேன். எனக்கு வழிகாட்டியவர் வரைவைப் படித்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: 325இல் பார்த்தாயா? அந்தத் தரவு எங்கள் கையிலேயே இருந்தது. பார்த்தேன். சரிவு உண்மையானால் அங்கே அது ஆறு மடங்குக்கும் மேலான வெளிச்சத்தோடு எரிய வேண்டும். இருட்டாக இருந்தது. பக்கத்து வலுவான மூலத்தைச் சரியாகக் கழிக்காததால் அதைச் சுற்றி மிஞ்சிய வளையத்தின் ஒரு துண்டு என் கேலக்ஸி. பிழை என்னுடையது. வரைவைக் கிழித்துப் போட்ட அன்று மாலை, பல ஆண்டுகள் கழித்து, எனக்குச் சாரின் அம்மீட்டர் நினைவுக்கு வந்தது.

அந்த அம்மீட்டரின் நோய், எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் கூட்டிக் காட்டும் நோய், பெரிய அளவைகளையும் பிடிக்கும். ஒரு பட்டியல் முழுவதும் ஐந்து விழுக்காடு கூடியிருந்தால் பட்டியலுக்குள் எங்கும் முரண்பாடு தெரியாது. இன்னொரு அதிர்வெண்ணோடு சேர்க்கும்போதுதான் எல்லாச் சரிவுகளும் ஒரே பக்கம் சாயும். டி.ஜி.எஸ்.எஸ்.ஸையும் என்.வி.எஸ்.எஸ்.ஸையும் இணைத்து வானத்தின் 80 விழுக்காட்டுக்கும் சரிவு வரைபடம் தயாரித்து 2018இல் வெளியிட்டார்கள். அந்த வரைபடத்தை நான் மதிக்கும் அளவுக்கு வேறு எதையும் மதிப்பதில்லை. புதிதாக ஒரு கல்லும் நடாமல், ஏற்கெனவே இருந்த இரண்டு உழைப்புகளை ஒன்றோடொன்று பேசவைத்தது அது.

இந்த வேலைக்கு அமைதி வேண்டும். கல்லூரி மாணவர்களிடம் சொன்னால் நம்புவதில்லை, ஆகவே கணக்கைத் தருகிறேன். 2 வாட் திறனுள்ள பழைய வகை செல்பேசி ஒன்றை நிலவில் வைத்தால், அதன் 200 கிலோஹெர்ட்ஸ் அலைப்பட்டையில் இங்கே 500 ஜான்ஸ்கிக்கு மேல் தெரியும். நாங்கள் தேடும் 5 மைக்ரோஜான்ஸ்கி கேலக்ஸியைவிடப் பத்துக் கோடி மடங்கு. செல்பேசியோ நிலவில் இல்லை, நம் சட்டைப்பையில் இருக்கிறது. உயர்மின் கம்பத்தில் ஒரு பீங்கான் விரிசல் விட்டுப் பொறி பறந்தால் 150 மெகாஹெர்ட்ஸில் அந்த இரவே போய்விடும். மேலே செயற்கைக்கோள்கள் ஆயிரக்கணக்கில் பெருகிவிட்டன. ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் எழும் எஸ்.கே.ஏ. தொலைநோக்கியில் சேர இந்திய அரசு 2024 ஜனவரியில் 1,250 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது எனக்குப் பெரும் மகிழ்ச்சி. ஆனால் முத்தோரையிலும் கோடதிலும் மிஞ்சியிருக்கும் ரேடியோ அமைதியைக் காப்பதும் அதே அளவு அவசரம் என்பதை இந்த மேடையில் பதிவுசெய்ய விரும்புகிறேன். அமைதி போனால் பணம் கொடுத்து வாங்க முடியாது.

டி.ஜி.எஸ்.எஸ். படங்களும் என்.வி.எஸ்.எஸ். படங்களும் எல்லோருக்கும் திறந்தவை; காசு கட்டவோ அனுமதி கேட்கவோ வேண்டாம். இங்கே வருவதற்கு முன் நான் பதினான்கு மூலங்களின் பட்டியல் ஒன்றைத் தயாரித்தேன். 150 மெகாஹெர்ட்ஸில் நன்றாகத் தெரிபவை, 1400இல் எனக்குத் தட்டுப்படாதவை. துறைத்தலைவரிடம் சொல்லி அதைக் கீழ்த்தள ஆய்வகத்தின் கணினியில் ஏற்றியிருக்கிறேன். அது அதே ஜன்னலோர மேசையில்தான் இருக்கிறது. விருப்பமுள்ள மாணவர்கள் நாளையே உட்காரலாம். இடையில் உள்ள அதிர்வெண்களில் வேறு அளவைகள் அந்த இடத்தைப் பார்த்திருக்கின்றனவா என்று தேடுங்கள், எண்களைக் குறியுங்கள், எனக்கு அனுப்புங்கள். மூன்றாம் வரிசையில் உள்ளதன்மேல் எனக்கே சந்தேகம் இருக்கிறது. இருபது கலை தள்ளி வலுவான மூலம் ஒன்று நிற்கிறது. முதலில் அதைப் பாருங்கள்.